27 கோரிக்கைகளும் ஐந்து வாசல்களும்: எல்லையோர வணிகர் சங்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மாநில வணிகர் அமைப்பு ஒன்று, சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்னால் கிளைச் சங்கங்களிடம் கோரிக்கை கேட்டது. செங்கோட்டை வட்டாரக் கிளை ஒன்று அதற்கு எப்படிப் பதில் தயாரித்தது, எதை வைத்தது, எதை விட்டது, கடைசியில் என்ன கிடைத்தது என்பதன் பதிவு இது. நான் வரி ஆலோசகர். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். சங்கத்துக்குச் சம்பளமில்லாத ஆலோசகர். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். தவறுகளில் பாதி என்னுடையவை.

பின்னணி

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டம். புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். காய்கறி, உளுந்து, முறுக்கு, பாத்திரம், பூ எல்லாம் மேற்கே போகும். ரப்பரும் மிளகும் கிழக்கே வரும். கடைக்காரர் பலருக்கு வாடிக்கையாளரில் பாதிப் பேர் மலையாளிகள்தான். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடி எடுபட்டது. ‘இனி எல்லையே கிடையாது’ என்று அன்றைக்குச் சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். எல்லை போகவில்லை. சாலையில் இருந்தது பில்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

2024 ஐப்பசிக் கடைசியில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. வரும் பட்ஜெட் கூட்டத்தொடரில் அரசிடம் வைக்க வேண்டிய சட்ட, கொள்கைக் கோரிக்கைகளைப் பொங்கலுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முந்தைய வருடங்களிலும் இதே கடிதம் வரும். செயலாளர் போன வருடத்துத் தாளை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பிவிடுவார். இந்த முறை தலைவர் அண்ணாச்சி அதற்கு ஒப்பவில்லை. “எத்தன வருசமா இதையே அனுப்புதோம், என்ன கெடச்சுது? உக்காந்து பேசுவோம்” என்றார்.

கார்த்திகைக் கூட்டம்

சபரிமலை மண்டல சீசன் தொடங்கிவிட்டதால் பகலில் யாரும் வரமாட்டார்கள். இரவு பத்தரைக்கு மேல், ஒரு பாத்திரக்கடை மாடியில் கூடினோம். நாற்பது பேர் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 27 கோரிக்கைகள் வந்தன. நான் அவற்றை ஒரு நீள நோட்டில் எழுதினேன்.

சூடாக இருந்தது வாடகை விவகாரம். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரின் கட்டடத்தில் பதிவுள்ள வியாபாரி கடை வைத்திருந்தால், வாடகை மேல் 18 சதவீதத்தை வியாபாரியே கட்ட வேண்டும். வழக்கமான பதிவில் இருப்பவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்பனை மேல் சிறு சதவீதம் மட்டும் கட்டும் இணக்கத் திட்டத்தில் (எங்கள் ஊரில் ‘காம்போசிஷன்’ என்றால்தான் புரியும்) இருப்பவருக்கு அது கைக்காசு. 8,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 1,440. ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் ஒருவர் எழுந்து நின்றே பேசினார்.

மற்றவை கலவையாக வந்தன: உளுந்து வியாபாரிக்குச் செஸ் என்னும் சந்தைக் கட்டணம், டீக்கடைக்காரருக்கு இரவில் கடை திறக்கும் நேரம், லாரி வைத்திருப்பவருக்குக் கேரளாவில் நோக்குக்கூலி (வேலை செய்யாமல் பார்த்து நிற்பவர் கேட்கும் கூலி), ஒருவருக்குப் பிளாஸ்டிக் அபராதம், இன்னொருவருக்குக் கடைப் பலகையில் மலையாளம். கடைசி பெஞ்சில் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கும் அக்கா இருவர் இருந்தார்கள். தினசரிக் கட்டணம் வசூலிப்பவர் ரசீது தருவதில்லை, கேட்டால் தொகை கூடுகிறது என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். வரிசையில் 24ஆவது.

கவனித்தவை

அடுத்த வாரம் நோட்டை வைத்துக்கொண்டு செயலாளரும் நானும் உட்கார்ந்தோம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது: எந்தக் கோரிக்கையிலும் ‘யார் மாற்ற முடியும்’ என்ற கேள்வியே இல்லை. எல்லாவற்றின் முடிவிலும் ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்றுதான் இருந்தது. எந்த அரசு?

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வாசலின் பெயரை எழுதினோம். ஒன்பது டெல்லிக்குப் போனது. நான்கு திருவனந்தபுரத்துக்கு. ஆறு உள்ளூரிலேயே, நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும். மூன்று கோரிக்கைகள் ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவை, நாங்கள்தான் படிக்கவில்லை. சென்னைக்கு உரியவை என்று மிஞ்சியவை ஐந்து. அதாவது வருடா வருடம் சென்னைக்கு அனுப்பிய தாளில் ஐந்தில் நான்கு பங்கு, அங்கே யாரும் தொடவே முடியாத சமாச்சாரம்.

ஏற்கெனவே இருந்த மூன்றில் ஒன்று கடைப் பலகை. தமிழ்நாட்டு விதிப்படி பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அளவில் எழுத்து இருக்க வேண்டும். அந்த 2 பங்கில் மலையாளம் தாராளமாக வரலாம். ஐயப்ப சாமிகளுக்காக மலையாளப் பலகை வைக்கக் கூடாதென்று யாரோ சொன்னதை நம்பிப் பத்து வருடம் பலகையே மாற்றாத கடை எங்கள் ஊரில் இருக்கிறது. இன்னொன்று காய்கறிக்கு இ-வே பில் (சரக்கு வண்டிக்கு எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டாம் என்ற கோரிக்கை. பச்சைக் காய்கறிக்கு அது எப்போதும் வேண்டியதில்லை.

டெல்லி வாசலில் இருந்தவற்றில்தான் எல்லைக்காரர்களின் உண்மையான வலி இருந்தது. காம்போசிஷனில் இருப்பவர் வருடம் ஒன்றரைக் கோடி வரை விற்கலாம், 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 10ஆம் பிரிவு அது. சேலத்துக்காரருக்கு இது ஒரு நிபந்தனை, அவ்வளவே. எங்களுக்கு இது காலை ஏழு மணிக்கு வரும் போன்.

ஒரு பலசரக்குக் கடையில் நானே பார்த்தேன். ஆரியங்காவிலிருந்து டீக்கடைக்காரர் பேசுகிறார்: அப்பளம் அஞ்சு கட்டு, முறுக்கு ரெண்டு டின், வற்றல் பத்துக் கிலோ, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், பணம் போனில் போடுகிறேன். கடைக்கார அண்ணாச்சி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அந்த டீக்கடைக்காரர் நேரில் வந்து, விலாசம் கொடுக்காமல் கல்லாவில் வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை. அதே சாக்கை இவர் பஸ்ஸில் ஏற்றினால் வெளிமாநில விற்பனை. காம்போசிஷன் தகுதியே போய்விடும். “ஒரு சாக்குக்கு ரெண்டு சட்டமா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் சாக்கை ஏற்றவில்லை. மறுநாள் ஏற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

இதை மாற்ற ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும், பிறகு நாடாளுமன்றம். கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாடு நிதியமைச்சரிடம் மனு கொடுத்தால் அவர் அங்கே பேசலாம். அவரால் முடிவெடுக்க முடியாது.

கேரள வாசலில் முதலாவது நோக்குக்கூலி. சரக்கை நம் ஆளே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கூலி. 2018 மே 1 முதல் அது கிடையாது என்று கேரள அரசே அறிவித்தாயிற்று. அப்படியும் எங்காவது கேட்டால் புகார் போக வேண்டியது அங்குள்ள தொழிலாளர் துறைக்கு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இதில் என்ன செய்யும்?

இந்த வேலையில் இன்னொன்றும் புரிந்தது. கடை ஊழியர் உட்கார நாற்காலி தர வேண்டும் என்ற சட்டம் கேரளாவில் 2018இல் வந்தது, இங்கே 2021இல். ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை இங்கே 2019 ஜனவரி 1, அங்கே 2020 ஜனவரி 1. மலைக்கு அந்தப் பக்கம் பெய்தால் குற்றாலத்தில் சாரல் அடிப்பதுபோல, அங்கே வரும் சட்டம் கொஞ்ச நாளில் இங்கே வருகிறது. சில நேரம் காற்று திரும்பியும் அடிக்கிறது. எல்லையில் இருக்கும் சங்கம் மலையாளப் பத்திரிகை படிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். படிப்பவர் யாருமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சென்னைக்கு உரிய ஐந்தில் இரண்டை எடுத்தோம். டெல்லிக்குரிய காம்போசிஷன் விஷயத்தை மூன்றாவதாக, ‘மாநில நிதியமைச்சர் கவுன்சிலில் எழுப்ப வேண்டியது’ என்று தலைப்பிட்டுச் சேர்த்தோம். பிளாஸ்டிக் அபராதத்தை விட்டோம். ‘முதலில் தயாரிப்பதை நிறுத்து’ என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் எல்லா ஊர்ச் சங்கமும் அதையே எழுதும், எங்கள் தாளில் அதற்கென்று சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை.

முதல் கோரிக்கை செஸ். 1987ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட விளைபொருளுக்கு 1 சதவீதம் சந்தைக் கட்டணம். கேரளாவில் இப்படிப்பட்ட சட்டமே கிடையாது. 2020இல் மத்திய அரசின் வேளாண் சட்டம், விற்பனைக்கூடத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்கு மாநிலக் கட்டணம் கூடாது என்றது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த வருடக் கடைசியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ‘போன செஸ் திரும்பி வந்திட்டு’ என்று உளுந்து வியாபாரிகள் புலம்புவது இதைத்தான்.

புலம்பலை அனுப்ப முடியாது, கணக்கு வேண்டும் என்றேன். பப்படக்காரர்களுக்கு உருட்டு உளுந்து அனுப்பும் ஒருவர், ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். முப்பது வருடமாக அவர் எழுதுவது பென்சிலில். ஒரு பக்கத்தைப் பிரித்தோம். 50 மூட்டை, மூட்டைக்கு 100 கிலோ, கிலோ 85 ரூபாய். சரக்கு மதிப்பு 4,25,000. செஸ் 4,250, அதாவது கிலோவுக்கு 85 பைசா. செலவு போக அந்த லோடில் அவருக்கு நின்றது கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். செஸ் கழிந்தால் 65 பைசா. பக்கத்தின் ஓரத்தில் ‘வண்டி நின்னது 3 மணி’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். சீட்டைச் சரிபார்க்க வழியில் நிறுத்தியதைச் சொல்கிறார். எனக்கு அந்த ஓரக் குறிப்புதான் முக்கியமாகப் பட்டது. காசைவிட நேரத்தைப் பற்றிய கோபம் அதில் தெரிந்தது.

செஸ்ஸை முழுக்க ஒழிக்கக் கேட்பதா? உறுப்பினர்களில் விவசாயமும் பார்க்கும் ஒருவர் மறுத்தார். அந்தக் காசில்தான் விற்பனைக்கூடமும் கிட்டங்கியும் நடக்கிறது, என் நெல்லை எங்கே வைப்பது என்று கேட்டார். சரியான கேள்வி. ‘விற்பனைக்கூடத்துக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும்’ என்று கோரிக்கையைச் சுருக்கினோம்.

இரண்டாவது, இரவு நேரம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. மூன்று வருடம் செல்லும், 2022இல் நீட்டித்தார்கள். எங்கள் ஊரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் கடை ஒரு கையில் எண்ணும் அளவுதான். சாமிமார் வண்டி வருவதோ நள்ளிரவில். டீக்கடையில் அடுப்படியில் ஒருவர், கல்லாவில் ஒருவர், டம்ளர் கழுவ ஒருவர். பதினொரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து விளக்கடிக்கும்.

இந்தக் கோரிக்கையை எடுக்க எனக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. அந்த ஆணை 2025 ஜூனில் மறுபடி காலாவதியாக இருந்தது. சட்டத்தைத் திருத்தவே வேண்டாம். விலக்கு கொடுக்கும் அதிகாரம் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்திலேயே அரசுக்கு இருக்கிறது. எப்படியும் புதிதாகக் கையெழுத்து விழப்போகும் காகிதத்தில், பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்கும் மண்டல காலத்தில் பொருந்தும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கிறோம். இதைவிட எளிய வேளை கிடைக்காது என்று நினைத்தேன்.

மூன்று கோரிக்கை, இரண்டு பக்கம். உளுந்து நோட்டின் பக்கத்தை நகலெடுத்துப் பின் செய்து, பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால் தபாலில் சேர்த்தோம்.

தொடர்ந்து நடந்தவை

முதல் வெற்றி தபால் போகும் முன்பே வந்தது. 2024 டிசம்பர் 21 ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், வாடகை மீதான அந்த வரியிலிருந்து காம்போசிஷன்காரர்களை விலக்கப் பரிந்துரைத்தது. எங்கள் இரண்டு பக்கத்தில் அந்தக் கோரிக்கையே இல்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் ஒருவர், நாம் பேசியதால்தான் நடந்தது என்று நன்றி சொல்லிச் சால்வையைத் தலைவர் மேல் போர்த்தினார். தலைவரும் மறுக்கவில்லை.

பிப்ரவரியில் மாநில அமைப்பு தன் கோரிக்கைத் தொகுப்பை அச்சிட்டு அனுப்பியது. எல்லா மாவட்டக் கோரிக்கைகளையும் சேர்த்து அறுபதுக்கு மேல். எங்கள் செஸ் பக்கம் அதில் 38ஆவதாக, ஒன்றரை வரியில் இருந்தது. பென்சில் கணக்கு இல்லை. இரவு நேரக் கோரிக்கை ‘24 மணி நேர அனுமதியை நீட்டிக்க வேண்டும்’ என்று மாறியிருந்தது. நாங்கள் கேட்டது நீட்டிப்பு அல்ல, விரிவு. போன் போட்டுக் கேட்டதில், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். பட்ஜெட் 2025 மார்ச் 14. திருத்தி அச்சிட நேரமில்லை.

2025இல் ஆணை மேலும் மூன்று வருடத்துக்கு நீண்டது. பத்துப் பேர் என்ற கோடு அப்படியே. காம்போசிஷன் விஷயத்தில் பதில் எதுவும் எங்களுக்கு வரவில்லை. செஸ்ஸும் அப்படியே.

ஆனால் இரண்டு விஷயங்கள் வேறு வழியில் நகர்ந்தன. செஸ்ஸை மாற்றுவது சென்னையின் வேலை. வண்டியை நிறுத்துவது உள்ளூர் ஆட்களின் வேலை. அந்த ஓரக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வியாபாரிகள், செஸ் வசூலிக்கும் விற்பனைக்குழு அதிகாரியைப் போய்ப் பார்த்தார்கள். கணக்கை மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுகிறோம், வழியில் மறிக்காதீர்கள் என்றார்கள். அவர் எழுத்தில் எதுவும் தரவில்லை. அந்த மாதத்திலிருந்து நிறுத்துவது குறைந்தது. ஆள் மாறினால் என்ன ஆகும் என்பது வேறு.

இரவு நேரமும் அப்படித்தான். 2025 கார்த்திகைக்கு முன்னால் சீசன் ஏற்பாட்டுக் கூட்டத்தில், கடை வாரியாகப் பட்டியல், ஆள் பெயர், குப்பைக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாள் கொடுத்தோம். சாமிமார் வரும் சாலையில் பதினான்கு டீக்கடைகளை விடிய விடிய நடத்தக் காவல் நிலையத்தார் வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சீசன் முழுக்க ஜீப் வந்தது, டீ குடித்தது, போனது.

கேரளப் பக்கம் எதிர்பாராத உதவி கிடைத்தது. அங்குள்ள வியாபாரி ஒருவரே மலையாளத்தில் நோக்குக்கூலிப் புகார் எழுதிக் கொடுத்தார். எங்கள் லாரிக்காரர் அதை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். அனுப்ப வேண்டிய தேவை இதுவரை வரவில்லையாம். எடுத்துக் காட்டினாலே சரக்கை இறக்க விடுகிறார்களாம்.

24ஆவது வரி

பழக்கடை அக்காக்களின் கோரிக்கையை ‘உள்ளூர்’ என்று எழுதி ஒதுக்கினேன். அது சரியான வாசல்தான். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தில், ஊர் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே என்று இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம், ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். சென்னைக்குத் தபால் போன பிறகு அந்த நோட்டை நான் திறக்கவே இல்லை. உள்ளூர் ஆறில் காவல் நிலையத்துக்கு உரியது மட்டும் நடந்தது, டீக்கடைக்காரர்கள் விடாமல் கேட்டதால்.

சித்திரையில் சந்தா வசூலிக்கப் போனபோது அந்த இருவரும் கொடுக்கவில்லை. “எங்க பேர எழுதிக்கிட்டுப் போனீய, அதோட சரி” என்றார் மூத்தவர். கூடவே பூக்கார அம்மாவும் விலகினார். பெரிய தொகை ஒன்றுமில்லை, மூவருக்கும் சேர்த்து வருடம் 900 ரூபாய். ஆனால் நாற்பது பேர் வந்த கூட்டத்தில், நடு இரவு வரை காத்திருந்து பேசிப் போனவர்கள் அவர்கள்.

மாற்றிச் செய்வதானால்

மாநில அமைப்புக்குத் தபால் அனுப்பி நிறுத்த மாட்டேன். தொகுப்பு அச்சாகும் முன்பு வரைவைக் கேட்டு வாங்கி, எங்கள் வரி எப்படி உருமாறியிருக்கிறது என்று பார்ப்பேன். ‘நீட்டிப்பு’, ‘விரிவு’ என்ற ஒரு சொல்லில் ஒரு வருட வேலை போயிற்று. அந்த ஆணை அடுத்து முடிவது 2028 ஜூன். அதற்கு ஆறு மாதம் முன்பே துறைச் செயலருக்கு நேரடியாக எழுதுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

செஸ்ஸுக்கு ஒரு நோட்டு போதாது. உளுந்து, மிளகாய், கொப்பரை என மூன்று சரக்கில், ஒரு வருடக் கணக்கு சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பென்சில் அண்ணாச்சி தவிர யாரும் தொடங்கவில்லை.

காம்போசிஷன் விஷயத்தில் நான் இன்னும் குழம்பித்தான் இருக்கிறேன். நாடு முழுக்கத் திறந்துவிடச் சொல்வது நடக்காது. பக்கத்து மாநிலத்துக்கு, ஒரு சின்ன வருட வரம்புக்குள் என்று கேட்டால் யாராவது காது கொடுக்கலாம். களியக்காவிளை, கம்பம், கோபாலபுரம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் இதே சாக்கு, இதே பஸ். ஐந்து ஊர்ச் சங்கம் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒன்றரை வரியாகச் சுருக்குவது கஷ்டம். பேச்சு தொடங்கியிருக்கிறது.

நீள நோட்டில் இப்போது ‘எந்த வாசல்’ என்பதற்கு அடுத்து இன்னொரு பத்தி: ‘யார் போவது’. இந்த வருடப் பட்டியலில் முதல் வரி பஸ் ஸ்டாண்ட் கட்டண ரசீது. அதற்கு நேரே என் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை நகராட்சிக்குப் போனேன்; ஆணையர் லீவு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.